பிரெட் மெஷின் வாங்கலாமா? ஆறு வாரம் இரவல் வாங்கிப் பார்த்த கணக்கு

"இதெடுத்துட்டுப் போ மக்ளே, ரெண்டு வருசமா பரண்ல சும்மா கெடக்கு" என்று மைனி சொல்லாமல் இருந்திருந்தால், அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரு பிரெட் மெஷினுக்குப் பணம் கட்டியிருப்பேன். மைனி வீட்டு மெஷின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. மூன்று தடவை ரொட்டி சுட்டுப் பார்த்துவிட்டு, பழைய நைட்டியில் சுற்றி மேலே ஏற்றிவிட்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ரைஸ் குக்கரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பிளக்கே மாட்டவில்லை. துபாய் பிளக்கில் மூன்று தட்டைக் கால்கள். நம் சுவரில் உருண்டை ஓட்டைகள். வோல்டேஜ் பிரச்சினை கிடையாது, அங்கேயும் 220 முதல் 240 வரைதான். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவருவதானால் கடையில் பிளக்கை மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மெஷின் வந்தால் அது வேறு கதை. நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு. ஜங்ஷன் பேக்கரியிலேயே தொடர்ந்து வாங்குவது, மெஷின் வாங்குவது, ஓடிஜி (மேடையில் வைக்கும் சின்ன கரண்ட் அடுப்பு, உள்ளே வைத்துச் சுடுவது) வாங்கிக் கையால் மாவு பிசைவது, புதிதாக எதையும் வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிப்பது. ஆறு வாரமும் நான்கையும் மாற்றி மாற்றிச் செய்து, சமையலறை நோட்டில் எழுதி வைத்தேன்.

மெஷினிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசை அதில்தான் இருந்தது.

உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒட்டாத பூச்சு போட்ட ஒரு பாத்திரம், அதன் அடியில் சுற்றும் ஒரு பிளேடு, சுற்றிலும் சூடேற்றும் கம்பி, எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்ன கடிகார மூளை. தண்ணீர், உப்பு, சர்க்கரை, வெண்ணெய், மாவு, கடைசியாக மேலே ஒரு குழி தோண்டி ஈஸ்ட். பட்டனை அமுக்கினால் பிசையும், ஓய்வெடுக்கும், மறுபடி பிசையும், பொங்க விடும், சுடும். சாதாரண ரொட்டிக்கு மூன்றரை மணி நேரம். மீட்டரை முன்னும் பின்னும் பார்த்துக் கழித்ததில் அரை யூனிட்டுக்குள்தான் ஓடியிருந்தது. கரண்ட் பில்லை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

இந்த மெஷினில் கடினமான பகுதி சுடுவதல்ல, பிசைவது. 1985-இல் ஜப்பானில் ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனத்தார் (இன்றைய பானசோனிக்) இதைச் செய்யத் தொடங்கியபோது, மேலே கருகி உள்ளே வேகாத ரொட்டிதான் வந்துகொண்டிருந்ததாம். மெஷின் பிசைந்த மாவையும் ஆள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் விஷயம் பிடிபடவில்லை. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த இக்குகோ தனாகா என்ற பெண் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் நின்று கற்றுக்கொண்டார். அந்த ரொட்டிக்காரர் மாவை முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தார். பிறகு பாத்திரத்தின் உள்சுவரில் வரிவரியாக மேடு வைத்தார்கள். பிளேடு சுற்றும்போது மாவு அதில் மாட்டி இழுபடும். 1987-இல் மெஷின் கடைக்கு வந்தது. அதாவது 10,000 ரூபாய் கொடுத்தால் நாம் முக்கியமாக வாங்குவது ஒரு பிசையும் கையை. இது பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

முதல் ரொட்டி மேலே பொங்கி, மூடியின் கண்ணாடியைத் தொட்டு, சுடும்போது நடுவில் பொத்தென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. குறிப்புப் புத்தகம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. அது குளிர்நாட்டு வீட்டை நினைத்து எழுதியது. நம் சமையலறை இருக்கிற சூட்டில் ஈஸ்டுக்கு வெதுவெதுப்பு எதற்கு? பிரிட்ஜ் தண்ணீர் ஊற்றினேன், ஈஸ்டைக் கால் பங்கு குறைத்தேன், 500 கிராம் மைதாவுக்கு 320 மில்லியிலிருந்து 300 மில்லிக்குத் தண்ணீரை இறக்கினேன். மூன்றாவது ரொட்டி தலை நிமிர்ந்து நின்றது. மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அப்போது இன்னும் ஒரு மேசைக்கரண்டி குறையும். பிசையத் தொடங்கி ஐந்தாவது நிமிடம் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் நல்ல அளவுகோல். மாவு ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும், பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு குழையக் கூடாது.

இதைச் சொன்னதும் மாமி சிரித்தார்கள். ஆப்ப மாவில் ஒரு நுள்ளு ஈஸ்ட் போட்டு, வெயில் நாளில் அதையும் பாதியாக்கி, பொங்கி வழியும் முன்பே எடுத்துச் சுடுகிறவர்களுக்கு இதெல்லாம் பாடமே இல்லை. முன்பு ஆப்பத்துக்கும் வட்டயப்பத்துக்கும் கள்தான் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்ததும் அதே 1987-தான். ஈஸ்ட் விஷயத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு மெஷின் கற்றுத்தர எதுவும் இல்லை என்பது என் கட்சி.

ஆனால் கோதுமை மாவு வேறு. நான் மெஷின் வாங்க நினைத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்: வீட்டிலேயே முழுக் கோதுமை ரொட்டி. கடையில் பிரவுன் பிரெட் என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா இருந்தால் அதுதான் அதிகம் இருக்கிறது என்று பொருள். பழுப்பு நிறம் பல நேரம் கேரமல். சரி, நாமே செய்வோம் என்று மில்லில் அரைத்த மாவு 500 கிராமை அப்படியே போட்டேன். வந்தது செங்கல். சின்னவன் அதை மேசையில் தட்டிக் காட்டினான்.

தவிடு மாவில் உருவாகும் பசைநாரை (குளூட்டன்) அறுத்துவிடும். கல் மில்லில் அரைத்த மாவு தண்ணீரையும் அதிகம் குடிக்கும். அடுத்த முறை பாதி மைதா பாதி கோதுமை, தண்ணீர் 340 மில்லி. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊற விட்டு, பிறகு மற்றவற்றைப் போட்டு ஓட்டினேன். அது நன்றாக வந்தது. முழுதும் கோதுமையே வேண்டும் என்றால் குளூட்டன் பொடி ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம், ஆனாலும் கடைப் பஞ்சு வராது. அந்தப் பஞ்சு மாவால் வருவதல்ல. எமல்சிஃபையரும் என்சைமும் சேர்த்து வருவது. வீட்டு ரொட்டியைக் கடை ரொட்டியோடு தொட்டுப் பார்த்து ஒப்பிடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் மாதம் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த இடத்தில் பேக்கரிக்காகவும் ஒரு வார்த்தை. 2016-இல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டி மாதிரிகளைச் சோதித்து, பலவற்றில் மாவில் சேர்க்கும் வேதிப்பொருட்களான பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக வெளியிட்டது. அந்த ஆண்டே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடை செய்தது. அந்தப் பழைய செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் 'ரொட்டியில் விஷம்' என்று தேதி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு மெஷின் வாங்க ஓடாதீர்கள். பாக்கெட் ரொட்டியில் கால்சியம் புரோபியோனேட் போடுவது பூஞ்சை வராமலிருக்க. அது அனுமதிக்கப்பட்ட பொருள்தான்.

அது இல்லாத வீட்டு ரொட்டி நம் ஈரக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்கிறீர்கள்? வெளியே வைத்தால் இரண்டு நாள். மூன்றாம் நாள் அடியில் பச்சைப் புள்ளி. பிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை சீக்கிரம் வராது, ஆனால் ரொட்டி விறைத்துப்போகும். குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகும். ஆறிய பிறகு துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் சூடாக்குவதுதான் சரி. சூடாக இருக்கும்போதே வெட்டினால் உள்ளே களியாகிவிடும். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாலு மணிக்கு ரொட்டி மணம் வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது பிள்ளைகளை ஐந்து மணி வரை நிறுத்திவைப்பது பிசைவதைவிடக் கஷ்டம்.

பிறகு அந்த பிளேடு. ரொட்டி வெந்ததும் அது அடியில் மாட்டிக்கொண்டு ரொட்டியோடு கழன்று வரும். கொக்கி போன்ற ஒரு கம்பி கூடவே கொடுப்பார்கள், அதை விட்டு இழுத்தெடுக்க வேண்டும். அடியில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நடுத்துண்டு இரண்டும் ஓட்டையோடுதான். நான் ஒருமுறை எடுக்க மறந்து, கத்தி 'டக்'கென்று நின்றபோதுதான் நினைவு வந்தது.

இன்னொரு விஷயம் கரண்ட். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். பல மாடல்களில் பத்து நிமிடத்துக்குள் கரண்ட் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த மெஷினில் அந்த வசதி இல்லை. பொங்கும் கட்டத்தில் ஒருமுறை போய் வந்தபோது திரையில் முதலிலிருந்து 3:30 என்று நின்றது. மாவை எடுத்து ஆப்பச்சட்டியில் ரொட்டியாகத் தட்டிச் சுட்டேன், மோசமில்லை. வாங்குவதானால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்காது. அதைவிட முக்கியம், பாத்திரமும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா என்பது. பாத்திரத்தின் அடியில் இருக்கும் சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் மெஷினே வீண். நாகர்கோவிலிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியா, இல்லை திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

டைமர் நல்ல வசதி, ஒத்துக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்குப் போட்டு, காலை ஆறரைக்கு ரொட்டி. ஆனால் பாலும் முட்டையும் ஊற்றி டைமர் வைக்காதீர்கள், ராத்திரி முழுக்கச் சூட்டில் கெட்டுவிடும். பால்பொடி போடலாம். ஈஸ்ட் தண்ணீரைத் தொடாமல் மாவின் மேல் உலர்ந்து நிற்க வேண்டும். நள்ளிரவு மூன்று மணிக்கு அது பிசையத் தொடங்கும்போது மேடையில் தடதடவென்று ஆடும். முதல் இரவு மாமி எழுந்து வந்து கதவைப் பார்த்தார்கள்.

ஜாம் செய்யும் பட்டன் ஒன்றும் இருக்கிறது. சக்கை (பலாப்பழம்) சீசனாக இருந்ததால் சக்கைவரட்டிக்கு முயன்றேன். கால் கிலோ பழத்துக்கு மேல் அது தாங்கவில்லை. உருளியும் விறகும் இருக்கிறவர்கள் அந்தப் பட்டனை மறந்துவிடலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். நான் வாங்கிய விலையில் 500 கிராம் மைதா 28 ரூபாய், வெண்ணெய் 12, பால்பொடி 5, சர்க்கரை உப்பு ஈஸ்ட் எல்லாம் சேர்த்து 6, கரண்ட் 3. ஆக 54 ரூபாய்க்கு முக்கால் கிலோ ரொட்டி. ஜங்ஷனில் 400 கிராம் பாக்கெட் 45 ரூபாய். வீட்டு ரொட்டியை 400 கிராமுக்குக் கணக்கிட்டால் 29 ரூபாய் வருகிறது. மிச்சம் 16. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு பாக்கெட் போகும்; வாரம் 32 ரூபாய் மிச்சம். மெஷின் 10,000 ரூபாய் என்றால் அந்தக் காசைத் திரும்ப எடுக்க ஆறு வருடம். தினம் ஒரு பாக்கெட் போகிற வீடானால் ஒன்றே முக்கால் வருடத்தில் எடுத்துவிடலாம். கணக்கு அவ்வளவுதான், ஆனால் இதை நான் ஆன்லைனில் மெஷின் தேடிய இரண்டு வாரத்தில் ஒருமுறைகூடப் போடவில்லை.

நம் குமரி மாவட்டத்தில் தினம் ஒரு பாக்கெட் போகிற வீடு எத்தனை? காலையில் புட்டும் பயறும், இல்லையென்றால் ஆப்பம், இடியாப்பம், தோசை. சாயங்காலம் மரச்சீனியோ பழம்பொரியோ. மாமியின் தீர்ப்பு இன்னும் கறார்: "தீனம் பிடிச்சவனுக்குத்தான் ரொட்டி. நல்லா நடமாடுகவனுக்குப் புட்டு போதும்." அவர்கள் காலத்தில் ரொட்டி என்பது காய்ச்சலுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சோடு வாங்கிப் போவதும்தான். இப்போது பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் அது வாரம் இரண்டு நாள் நுழைந்திருக்கிறது. அந்த இரண்டு நாளுக்காக மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு எல்லாம் நெருக்கி நிற்கும் மேடையில் இன்னொரு பெட்டிக்கு இடம் கொடுக்க வேண்டுமா?

ஓடிஜி அந்த இடத்தைக் கேட்டால் எனக்கு மறுக்க மனம் வராது. வாங்கினால் 5,000 முதல் 8,000 ரூபாய் ஆகும். கிறிஸ்துமஸுக்குக் கேக், மீனைச் சுட, ரஸ்க் போட, கனிந்து கறுத்த மட்டிப்பழத்தைக் கேக்காக்க எல்லாவற்றுக்கும் ஆகும். (நம் ஊர் வாழை ரகமான மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கேக்குக்கு அதைவிட வாசமான பழம் எனக்குத் தெரியாது.) ரொட்டி அதில்தான் ரொட்டி மாதிரி வருகிறது. 200 டிகிரியில் அரை மணி நேரம், மேலும் கீழும் ஒரே நிறம், அடியில் ஓட்டை கிடையாது. பன்னும் சுடலாம், மெஷினில் பன் வராது, மாவு மட்டும் பிசைந்து தரும். கரண்ட் கொஞ்சம் கூடும், முன்சூட்டோடு சேர்த்து முக்கால் யூனிட்டுக்குக் கூடவே. நான் பக்கத்து வீட்டு ஓடிஜியில்தான் சுட்டுப் பார்த்தேன்.

ஓடிஜி பக்கம் குறை ஒன்றே ஒன்றுதான், பத்து பன்னிரண்டு நிமிடம் கை வலிக்கப் பிசைய வேண்டும். ஒசாகா கதையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் உதவியது. நான்காவது வாரம் அடுக்களை மேல்தட்டைத் துடைக்கும்போது டேபிள் டாப் கிரைண்டரோடு வந்த ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தது. வாங்கி எட்டு வருடமாகியும் பிரிக்காத பை. உள்ளே தேங்காய் துருவும் முனையும், மாவு பிசையும் பாகமும். கல்லை எடுத்துவிட்டு அதை மாட்டி, அரை கிலோ மைதா போட்டேன். பத்து நிமிடத்தில் மாவு இழுத்தால் கிழியாமல் மெல்லிய திரைபோல விரிந்தது. ஜப்பான்காரர்கள் பட்ட பாட்டில் முக்கால்வாசி என் மேல்தட்டில் சும்மா இருந்திருக்கிறது.

அதுவும் இல்லாதவர்களுக்குப் பிசையாத முறை இருக்கிறது. 400 கிராம் மைதா, 300 மில்லி தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் ஈஸ்ட். கரண்டியால் கலந்து, இரண்டு மணி நேரம் வெளியே, பிறகு ராத்திரி முழுக்க பிரிட்ஜில். நேரமே பிசைந்துவிடும். நம் சூட்டில் ராத்திரி முழுக்க வெளியே விட்டால் ஆப்ப மாவாகத்தான் புளிக்கும்.

குக்கரில் சுடுவது, ஏர் ஃப்ரையரில் சுடுவது எல்லாம் முயன்றேன். ஏர் ஃப்ரையரில் சின்ன ரொட்டி வரும், காற்று மேலே அடித்து அடித்து மேல்தோல் முந்திக் கறுக்கும். குக்கர் ரொட்டிக்கு மேலே நிறமே ஏறாது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

மெஷின் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மைனி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் கணவருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். புட்டு, ஆப்பம் எதுவும் அவருக்கு இறங்காது, காலையும் ராத்திரியும் ரொட்டிதான். கடை ரொட்டியில் உப்பின் அளவை நாம் தீர்மானிக்க முடியாது. டீச்சருக்கோ மூட்டுவலி, பிசைய முடியாது, அடுப்பு முன்னால் நிற்கவும் முடியாது. இந்த வீட்டுக்கு மெஷினைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கோதுமைக்கு ஒவ்வாமை இருந்து அரிசி மாவு ரொட்டி தேடுகிறவர்கள், பாலோ முட்டையோ ஆகாத பிள்ளை உள்ளவர்கள் ஆகியோரையும் இந்தப் பக்கம்தான் வைப்பேன். உப்பைக் குறைத்தால் ஈஸ்ட் அடங்காமல் ஆடும், அதனால் ஈஸ்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுத்தேன்.

ஆம், மைனியைக் கேட்டு மெஷினை அந்த வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டோம். எங்களுக்கு இப்போதைக்கு ஜங்ஷன் பேக்கரியும், சனிக்கிழமை கிரைண்டரில் பிசைந்து பக்கத்து வீட்டில் சுட்டுக்கொள்வதும். டிசம்பருக்குள் சொந்தமாக ஓடிஜி வாங்குவதாகத் திட்டம்.

கொண்டுபோய் வைத்த மறுநாள் காலை டீச்சர் போன் செய்தார். மாவு, தண்ணீர் எல்லாம் போட்டாயிற்றாம், மெஷின் சும்மா உறுமுகிறதாம், எதுவும் பிசைபடவில்லையாம். "உள்ள சுத்துகது ஒண்ணு உண்டுன்னு சொன்னியே மக்ளே, அதைக் காணல்லியே?"

ஃப்ரீசரைத் திறந்தேன். போன வாரம் சுட்ட கடைசி ரொட்டி, இன்னும் வெட்டாமல் முழுதாக இருந்தது.